லொறியில் செக்ரோல் கிடையாது

எமது பாடசாலையில் படித்த ஒரு பிள்ளை கடந்த மாதம் கையில் கட்டுடன் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். பதினொரு மாதம் லொறியில் வேலை செய்தவர். பாரத்தை மூடிய படங்கை இழுத்துக் கட்டும்போது மேலேயிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருந்துச் செலவைக் கேட்டபோது முதலாளி சொன்ன பதில்: "நீ நம்ம ஆளே இல்லையே தம்பி, அன்னைக்கு ஒரு டிரிப்புக்குத்தானே வந்தே!"

பதினொரு மாதம் உழைத்தவரின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை.

தோட்டத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அங்கே செக்ரோல் என்று ஒன்று இருக்கிறது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்கள் என்று துரையோடு சண்டை பிடிக்கிறோம். சண்டை பிடிக்க முடிவதே அங்கே ஒரு பேர் இருப்பதால்தான். லொறியில் அரைப் பேரும் இல்லை, முழுப் பேரும் இல்லை. டிரிப் மட்டும்தான்.

இன்று நம் பிள்ளைகள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கிறார்கள். நுவரெலியா மரக்கறியைத் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் கொண்டு போகிறார்கள். சீமெந்து ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வரை போகிறார்கள். போகவேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அது நல்ல தொழில். கற்றுத் தேர்ந்தவருக்கு நாடெங்கும் வேலை உண்டு. ஆனால் முதல் வருடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். அந்த ஒரு வருடத்தில் பழகுவதுதான் கடைசிவரை கூட வரும்.

முதலாவது, ஸ்டியரிங் உடனே கைக்கு வராது. பலருக்கு முதல் வருடம் கிளீனர் வேலைதான். படங்கு கட்டுவது, டயர் பார்ப்பது, பின்னால் நின்று லொறியை எடுத்துக் கொடுப்பது, இரவில் பாரத்துக்குக் காவல் இருப்பது. இதை அவமானமாக நினைக்க வேண்டாம். 40 அடிக் கண்டெய்னர் வளைவில் எவ்வளவு இடம் பிடிக்கும், கண்ணாடியில் தெரியாத பக்கம் எது என்பதெல்லாம் கீழே நின்று பார்த்தவருக்குத்தான் விளங்கும். கனரக வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் வேறு. ட்ரெயிலர் இழுப்பதற்கும் அதற்குரிய வகுப்பு அனுமதிப்பத்திரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத உங்களிடம், "எனக்குத் தூக்கம் வருது, கொஞ்ச தூரம் நீ பிடி" என்று டிரைவர் அண்ணன் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏதும் நடந்தால் பொலிஸில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இரண்டாவது, இறக்கம். மலையில் பிறந்த நமக்கு இறக்கம் புதிதல்ல என்று நினைக்கிறோம். கடுகண்ணாவையிலும் கினிகத்தேனையிலும் றம்பொடையிலும் பெரகலையிலும் பாரத்தோடு இறங்குவது வேறு கதை. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடிக்காது, பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. கருகல் மணம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். காலையில் எயார் மீற்றரையும் டயர் நட்டுகளையும் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

மூன்றாவது, தூக்கம். துறைமுக வாசலில் பகல் முழுவதும் வரிசையில் காத்திருக்க வேண்டி வரும். அந்தக் காத்திருப்பு ஓய்வு ஆகாது. அது முடிந்து இரவில்தான் ஓட்டம் தொடங்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். வவுனியாவைத் தாண்டினால் ஏ9 வீதி நேராக ஓடும். வளைவு இல்லாததே அங்கே ஆபத்து. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் தூக்கம் ஆளை வெல்லும். கடைசியாகக் கடந்த ஊர் எது என்று ஞாபகம் வரவில்லையா? நீங்கள் ஏற்கெனவே தூங்கத் தொடங்கிவிட்டீர்கள். வெற்றிலையும் முகத்தில் அடிக்கும் தண்ணீரும் அதற்கு மருந்தல்ல. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். "இதைப் போட்டால் தூக்கமே வராது" என்று யாராவது குளிசையோ ஐஸோ நீட்டினால், அந்த ஆளோடு சேர்ந்து ஓடுவதையே நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, காசு. முதல் மாதம் கையில் வரும் தொகை தோட்டச் சம்பளத்தை விடப் பெரிதாகத் தெரியும். வழியில் சாப்பாடு, குளிப்பு, போன், முற்பணம் எல்லாம் கழிந்த பிறகுதான் உண்மைக் கணக்கு வரும். ஆகவே முதல் வருடத்திலேயே லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுக்க வேண்டாம். வேலைக்குச் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காத்திருக்கும் நாளுக்குக் காசு உண்டா? பாரம் கூடியதற்குத் தண்டம் அடித்தால் யார் கட்டுவது? பொருள் உடைந்தால் யார் தலையில்? சேர்ந்த பிறகு கேட்டால் பதில் எப்போதும் உங்கள் தலையில்தான் முடியும்.

இனிக் கடதாசிக்கு வருவோம். "டிரிப்புக்குக் காசு வாங்குபவனுக்கு ஈ.பீ.எஃப். கிடையாது" என்று சொல்வார்கள். அது பொய். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாகவோ, துண்டு வேலைக்கோ, ஒப்பந்த அடிப்படையிலோ வேலை செய்பவருக்கும் அது உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். அதில் ஒரு சதமும் உங்களிடம் வெட்ட முடியாது. வேலையின்போது காயப்பட்டால் கேட்பதற்கு 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. அந்த ஐந்தில் முதல் வருடத்தை நிரூபிக்க முடியாவிட்டால் கையில் நிற்பது நான்குதான்.

ஆகவே நியமனக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தாலும் உங்கள் செக்ரோலை நீங்களே எழுதுங்கள். ஒரு 80 பக்கக் கொப்பி போதும். திகதி, லொறி இலக்கம், எங்கிருந்து எங்கே, என்ன பாரம், புறப்பட்ட நேரம், வாங்கிய காசு. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு வரி. டெலிவரிச் சீட்டைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். போன் உடைந்தாலும் படம் வீட்டில் இருக்கும். வெற்றுக் கடதாசியில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு கையெழுத்து வையுங்கள்.

தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. முதலாளியின் பெயர், விலாசம், லொறி இலக்கம் மூன்றும் வீட்டில் எழுதி இருக்கட்டும். ஓடும் நேரத்தில் போன் எடுத்து வீட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டாம். நிறுத்தியதும் அவரே எடுக்கட்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பிள்ளை தோட்டத்தை விட்டுப் போனதும் அவர் நம்முடைய ஆள் இல்லை என்று நாமும் விட்டுவிடுகிறோம். முதலாளி சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லொறிக்குப் போன பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் வீட்டுக்கு வரும்போது தலைவர்மார் போய்ச் சந்திக்க வேண்டும்.

கையில் கட்டுடன் வந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று? அவருடைய பையில் பழைய கணக்குக் கொப்பி ஒன்று இருந்தது. அம்மாவிடம் செலவுக்குக் கணக்குச் சொல்வதற்காக டிரிப்புகளை அதில் எழுதி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டுதான் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தோம். விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனால் "நம்ம ஆள் இல்லை" என்று முதலாளி இப்போது சொல்வதில்லை.

லொறிக்குப் போகும் பிள்ளைகள் புறப்படும் முன் ஒரு தடவை சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். கொப்பியை நாங்கள் தருகிறோம்.