அரை ஸ்பூனில் ஆரம்பிப்போம்!



"ஆண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை கொடுடா" என்று மலர்க்குழுவில் இருக்கிற நண்பன் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைத் தவிர வேறு உடற்பயிற்சி தெரியாதவன் நான். பதினோரு மணிக்கு பேக்கரியில் டீயும் பப்ஸும், சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் காளான். (கோயமுத்தூர்க்காரனுக்குக் காளான் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. அதில் காளான் எவ்வளவு, முட்டைக்கோஸ் எவ்வளவு என்றும் விளக்கத் தேவையில்லை!) அப்படிப்பட்டவன் எழுத ஒத்துக்கொண்டதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறார். சொந்தத் தறி இல்லை, கூலிக்குத்தான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட், எதுவானாலும் பன்னிரண்டு மணி நேரம். அவர் ஐந்தாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவர். எங்கள் சொந்தபந்தத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், கரண்ட் பில்லோ கல்யாணப் பத்திரிகையோ, "தம்பி வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று எனக்காகக் காத்திருக்கும்.

முந்தின வருஷம் ஒரு நாள் தறிக்கூடத்தில் அப்பாவின் காலில் ஆணி ஏறிவிட்டது. வெறும் காலோடுதான் எல்லாரும் நடப்பார்கள். மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது! "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்று டாக்டர் சொன்னதை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார்.

மாத்திரையோடு அச்சடித்த சீட்டு ஒன்றும் கொடுத்தார்கள். வழக்கம்போல நான்தான் படித்துக் காட்டினேன். தினமும் காலையில் நடைப்பயிற்சி, அரிசியைக் குறைக்கவும், காய்கறியும் கீரையும் நிறையச் சேர்க்கவும், இனிப்பை அறவே தவிர்க்கவும், எட்டு மணி நேரத் தூக்கம், மன அமைதி. அப்பா முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதையெல்லாம் செய்யோணும்னா வேலைக்கே போகக்கூடாது கண்ணு."

சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். அது அங்கேயே இருந்தது.

அதில் தப்பாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொன்னது யாருக்காக? ராத்திரி எட்டு மணிக்குத் தறியில் நின்று காலை எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்குக் காலை நடை எப்போது?

அப்பாவைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. அந்த ஜனவரி ஒன்றாம் தேதி நானும் சபதம் போட்டிருந்தேன். விடியக்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், பொரித்த பண்டம் கிடையாது, ராத்திரி பத்துக்குப் பிறகு செல்போன் கிடையாது. புது நோட்டில் சிவப்பு மையில் தலைப்பெல்லாம் போட்டேன். ஆறாம் தேதி வரை ஓடினேன். ஏழாம் தேதி கால் வலி, எட்டாம் தேதி ரெக்கார்டு எழுத வேண்டியிருந்தது, ஒன்பதாம் தேதி காளான் வண்டி. நோட்டு இப்போது இன்ஜினியரிங் டிராயிங்குக்கு ரஃப் நோட்டாகிவிட்டது.

முதல் வருஷம் ஒர்க்ஷாப்பில் எல்லாருக்கும் நடந்திருக்கும். லேத்தில் ஜாப்பை மாட்டிவிட்டு, சீக்கிரம் முடிக்கிற ஆசையில் ஒரே கட்டிங்கில் ஐந்து மில்லிமீட்டர் எடுக்கப் போனேன். டூல் முனை தெறித்தது, ஜாப்பும் போச்சு. சார் திட்டவில்லை. "மெஷின் தாங்கற அளவுக்குத்தான் கட் குடுக்கோணும். நாலு தடவை போனா அதே அளவு வந்துட்டுப் போகுது" என்றார். அன்றைக்கு அதை லேத்துக்கு மட்டும் சொன்னதாக நினைத்தேன். சபதம் உடைந்த பிறகுதான் எனக்கும் சேர்த்துச் சொன்னார் என்று பட்டது.

சரி, அப்பா எந்த அளவு தாங்குவார்? கூட உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு டீ: வீட்டில் இரண்டு, தறிக்கூடத்தில் நான்கு. டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஏறக்குறைய ஐந்து கிராம். ஆக, நாளைக்கு 60 கிராம், மாதத்துக்கு 1,800 கிராம்! சர்க்கரை நோயே இல்லாத ஆளுக்கும், வெளியிலிருந்து சேர்க்கிற சர்க்கரை நாளைக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. அப்பாவுக்கு டீயில் மட்டுமே அறுபது. "டீயை விட்டுருங்கப்பா" என்றால் விடமாட்டார். ராத்திரி ஷிப்டில் இரண்டு மணிக்கு ஒரு டீ இல்லாவிட்டால் தூக்கத்தில் தறியிலேயே கை போய்விடும் என்பார். அதுவும் பொய்யில்லை.

அதனால் டீயைத் தொடவில்லை. அரை ஸ்பூனைக் குறைத்தோம். அவ்வளவுதான்!

அதிலும் ஒரு சிக்கல். தறிக்கூடத்துக்குத் தூக்கில் வரும் டீ சர்க்கரை கலந்தேதான் வரும். "ஏனுங்க, எனக்கு மட்டும் சக்கரை போடாம ஒண்ணு" என்று கடையில் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். கேட்டால் 'சக்கரைக்காரன்' என்று பேராகிவிடும், ஆளுக்கு ஒடம்பு சரியில்லை, தறி ஓட்டமாட்டான் என்று பேச்சு கிளம்பும் என்கிற பயமும் உண்டு. கூலிக்காரர் வீட்டில் நோயை மறைப்பது இதற்காகத்தான். வீம்பு என்று சொல்லிவிட முடியாது. கடைசியில் கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் ராத்திரி அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கோடு நான்கு பொட்டலம் மடித்து வைத்தேன், ஒவ்வொன்றிலும் அளந்து ஒன்றரை ஸ்பூன். இருபது நாள் கழித்து ஒரு ஸ்பூன். மறுபடி இருபது நாள் கழித்து அரை ஸ்பூன். வீட்டு டீக்கு அம்மா பொறுப்பு. "அஸ்கா டப்பாவை மேல் பரண்ல தூக்கி வெச்சுட்டேன்" என்றார். இரண்டு மாதத்தில் 60 கிராம் 15 கிராமாகியது. நாக்குக்கே தெரியவில்லை என்று அப்பாவே சொன்னார்.

நடுவில் ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது. அப்பா மூன்று ஒப்புட்டு, வஞ்சனையில்லாமல் நெய் ஊற்றிச் சாப்பிட்டார். அம்மா முறைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பொட்டலம் வழக்கம்போலத் தூக்கோடு போனது.

நான் சும்மா இருந்ததற்குக் காரணம் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு பாட்டில் தண்ணீர், சாயங்காலம் கால் மணி நேர ஓட்டம் என்று ஆளுக்கு ஒரே ஒரு சின்னப் பழக்கம். யோசிக்காமலே செய்கிற அளவுக்கு அது ஊறிப்போகச் சராசரியாக 66 நாள் ஆனதாம். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது! தண்ணீர் குடிப்பது போன்ற சுலபமானவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் அதிகம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இருபத்தொரு நாளில் ஆளே மாறிவிடலாம் என்று சொல்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை.

பத்தாயிரம் அடி கதையும் இதே மாதிரிதான். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தது. விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது! 2025-ல் லான்செட் குழும இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு நாளைக்கு 7,000 அடியிலேயே பெரும்பாலான பலன் கிடைப்பதாகச் சொல்கிறது. ஒன்றுமே நடக்காதவன் கொஞ்சம் நடந்தாலும் பலன்தான்.

நமது மாநிலத்திலும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்துத் தொடங்கினார்கள். நல்லதுதான். ரேஸ்கோர்ஸில் காலை நேரம் போய்ப் பார்த்தால் எவ்வளவு பேர் நடக்கிறார்கள்! ஆனால் அங்கே வர ஒருவருக்கு வண்டியும் வேண்டும், ஓய்வான ஒரு காலையும் வேண்டும். எங்கள் வீட்டுக்கு உண்மையில் உதவியது 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்'தான். மாத்திரை வாங்க அரை நாள் கூலியை விட வேண்டியதில்லை, தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுகிற ஆளாக இருந்தவரை மாற்றியதும் அந்த அக்காதான். "மாத்திரையைத் தூக்குப் போசி மூடியிலயே வெச்சிருங்க. சோறு உண்ணத் திறந்தா கையில கிடைக்கும்" என்றார். புதுப் பழக்கத்தை ஏற்கனவே இருக்கிற ஒரு பழக்கத்தின் வாலில் கட்டிவிடுகிற வேலை இது!

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் கோபப்படுவார்கள். எங்கள் பேரவை நண்பர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறவனை விட்டுவிட்டு, தொழிலாளியின் டீயில் சர்க்கரையை எண்ணுகிறாயா?" நியாயமான கேள்வி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத்திருத்தம் நமது சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அப்பாவுக்கு அதற்கு முன்னாலும் பன்னிரண்டு மணி நேரம்தான், பின்னாலும் பன்னிரண்டு மணி நேரம்தான். ஒரு ஸ்பூன் இதைத் தீர்க்காது என்று எனக்கும் தெரியும். எட்டு மணி நேர வேலைக்காகச் சங்கம் போராட வேண்டும், நாம் கூட நிற்க வேண்டும். ஆனால் அது கிடைக்கிற நாளில் அப்பாவுக்கு இரண்டு காலும் இருக்க வேண்டுமே! நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. இதில் எத்தனை பேர் ஷிப்டில் நிற்கிறவர்கள்?

காலுக்கும் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். இப்போது தறிக்கூடத்திலும் செருப்பு. தினமும் படுக்கிறதுக்கு முன்னால் அம்மா டார்ச் அடித்து அப்பாவின் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கோடு பார்க்கிறார். இரண்டு நிமிஷம் ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும், காயம் பட்டாலே தெரியாது, அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும், வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இதை மட்டும் இன்று ராத்திரியே செய்யுங்கள்.

இப்போது சர்க்கரை இருநூறுக்குள் வந்திருக்கிறது. மாத்திரையும் சேர்ந்துதான், பொட்டலத்துக்கு மட்டும் பெருமை கொடுக்கமாட்டேன்.

நானா? ஓட்டமெல்லாம் இல்லை. ஹோப் காலேஜிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன். 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் கார்க்காரர்களுக்கு. கீழே ஓரமாக நடப்பது எனக்கு. காலையில் 15 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம், வாரம் ஐந்து நாள். கூட்டிப் பார்த்தால் 150 நிமிஷம், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு! மழை பெய்தால் நடப்பதில்லை. காளான் வாரம் ஒரு தடவை உண்டு, அதை விடுகிற உத்தேசமும் இல்லை.

தறிக்கூடத்தில் இன்னும் இரண்டு அண்ணன்கள் அப்பாவிடம் பொட்டலம் கேட்டார்கள். ஒருவர் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார். இன்னொருவர் இன்றும் வாங்கிக்கொள்கிறார், அவருக்கு நான்தான் சப்ளை.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நமது கேன்டீன் டீயும் சர்க்கரை கலந்தேதான் வருகிறது. தனியாக ஒரு டப்பாவில் வைக்க முடியுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். "பேரவையில இருந்து எழுதிக் குடுங்க தம்பி, வெச்சுட்டாப் போச்சு" என்றார். கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடித்து நான் போய்விடுவேன் என்பதால், இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் தம்பிகளிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் ஒர்க்ஷாப் வாசலில் அவர்களைப் பார்க்கலாம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை