நாம் மறந்த ஒயில்

சென்ற மாதம் கண்டிக்குச் செல்கையில், கடுகண்ணாவை ஏற்றத்தில் எமது மோட்டார் வண்டி தளர்ந்தது. இயந்திரம் இரைந்ததேயன்றி வண்டி அதற்கேற்ப ஏறவில்லை. பின்னால் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போயினர். 5,000 கிலோமீற்றருக்கொரு தடவை என்ஜின் ஒயிலைத் தவறாது மாற்றி வந்த நாம், தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கும் ஓர் ஒயில் உண்டென்பதை ஏழாண்டுகளாக எண்ணியும் பார்த்தோமில்லை.

கையால் கியர் மாற்றும் வண்டியில் அவ்வொயிலின் தலையாய தொழில் உராய்வைத் தணிப்பது. தானியங்கியிலோ இயந்திரத்தின் விசையைக் கடத்துவதும், தன் அழுத்தத்தால் கிளச்சுத் தட்டுகளை இறுகப் பற்றுவிப்பதும், சூட்டைச் சுமந்து செல்வதும் அதுவே. சூடு மிகுந்தால் அது கெடும். கெட்டால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு இன்னும் மிகும்.

எப்பொழுது மாற்றுவது? வண்டியுடன் வரும் கைநூல் சொல்வதே முதற் பிரமாணம். பல வண்டிகளுக்கு 60,000 முதல் 100,000 கிலோமீற்றர் வரை என்பர். மலைப்பாதையிலும் நகர நெரிசலிலும் உழலும் வண்டிக்கு 40,000 அளவிலேயே மாற்றுவது நன்று. “ஆயுள் முழுவதற்கும் போதும்” என்று சில கம்பனிகள் கூறுவதுண்டு. எவருடைய ஆயுள் என்று அவை கூறுவதில்லை! பழைய வண்டி வாங்கியோர் மீற்றரை மட்டும் நம்பாது ஒயிலையே பார்க்கவேண்டும். பெரும்பாலும் புதிதில் செந்நிறமாயிருக்கும் அது, கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் காலங் கடந்துவிட்டதென்று கொள்க.

மாற்றும்போதும் கவனம் வேண்டும். அடித்திருகைக் கழற்றினால் ஒரு பகுதியே வடியும்; எஞ்சியது உள்ளுறுப்புகளில் தங்கிவிடும். ஆதலின் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் வடித்து நிரப்புவது நல்ல வழக்கம். சீ.வீ.ரீ. வகைக்குரிய ஒயில் முற்றிலும் வேறு. ஒன்றுக்கு மற்றது ஆகாது.

எமது வண்டியைப் பார்த்த மெக்கானிக், “இனிப் புது ஒயில் ஊற்றிப் பயனில்லை ஐயா, தட்டுகள் தேய்ந்துவிட்டன” என்றார். மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கென ஒதுக்கியதிற் பாதி அங்கே போயிற்று. எம் தம்பியின் வண்டி இப்பொழுது 58,000 கிலோமீற்றரில் நிற்கிறது. வருகிற சனிக்கிழமை அதனைக் கராஜுக்குக் கொண்டுசெல்ல, அவரிலும் நாமே அவசரப்படுகிறோம்.