தலைமை அரசு வழக்கறிஞரை அரசாங்கமே நீக்கலாமா? 2015 சர்ச்சை சொல்லும் பாடம்

2015 ஜூலை 28. மலேசியாவின் சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவியிலிருந்து நீக்கப்பட்ட செய்தி வெளியானது. சொல்லப்பட்ட காரணம், உடல்நலம். அக்டோபரில் அவர் ஓய்வுபெற இருந்தார். அதற்குள் என்ன அவசரம்?

பலரும் இப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. அப்போது 1எம்டிபி விவகாரத்தை விசாரித்த சிறப்புப் பணிக்குழுவில் கனியும் இருந்தார். பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளுக்குப் பெரும் தொகை வந்ததாக அதே மாதம்தான் செய்தி வெளியாகியிருந்தது.

இந்தப் பதவி ஏன் முக்கியம்?

ஒரே நாற்காலி, ரெண்டு வேலை. அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் அவர்தான், தலைமை அரசு வழக்கறிஞரும் அவர்தான். வழக்குத் தொடுப்பதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு அவருக்குத் தருகிறது. ஆனால் அவரை மாமன்னர் நியமிப்பது பிரதமரின் ஆலோசனைப்படி. அப்போ, பிரதமர் மீதே விசாரணை வந்தால்? சிக்கலே அங்கதான்.

ஆள் மாறினால் முடிவும் மாறுமா?

கனிக்குப் பிறகு வந்தவர் முகமது அபாண்டி அலி. 260 கோடி ரிங்கிட் சவூதி அரச குடும்பம் தந்த நன்கொடை, நஜிப் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று 2016 ஜனவரியில் அவர் அறிவித்தார். எஸ்ஆர்சி நிறுவனம் தொடர்பான விசாரணையையும் முடித்துக்கொள்ளச் சொன்னார்.

2018இல் ஆட்சி மாறியது. அபாண்டி போனார், டோமி தோமஸ் வந்தார். அவர் பதவிக்கு வந்த மறுமாதமே எஸ்ஆர்சி விவகாரத்தில் நஜிப் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 2020 ஜூலை 28, அதாவது கனி நீக்கச் செய்தி வெளியாகிச் சரியாக 5 ஆண்டுகள் கழித்து, உயர் நீதிமன்றம் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறை விதித்தது. 2022இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பின்னர் அரச மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாகக் குறைத்தது.

ஒரே விவகாரம். ஒருவர் மூடினார், இன்னொருவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்.

நீக்குவது இவ்வளவு சுலபமா?

1957 அரசியலமைப்பில் இந்தப் பதவிக்கு நீதிபதிக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பு இருந்தது. பின்னர் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதனால் இது ஒரு கட்சியின் பிரச்சினை மட்டும் இல்லை. 2015இலும் 2018இலும் ஆட்சியில் இருந்தவர்கள் வேறு வேறு. ஆளை மாற்ற வழிவிட்ட விதி ஒன்றுதான்.

இரு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. அந்தப் பேச்சு அடுத்த முறை உங்கள் காதில் விழும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: புதிய தலைமை அரசு வழக்கறிஞரை யார் தேர்ந்தெடுப்பார்? யார், எந்தக் காரணத்துக்காக நீக்க முடியும்? ரெண்டுக்கும் பதில் 'பிரதமர்' என்றால், மாறுவது பதவியின் பெயர் மட்டும்தான்.