கோர்ட்டில் விருந்து

கோர்ட்டுப் படி ஏறாமல் காலம் தள்ளினால் அதுவே பெரிய பாக்கியம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்திலோ, பழைய கோர்ட்டை வாடகைக்கு எடுத்துக் கல்யாணமும் கம்பெனி விருந்தும் அமர்க்களமாக நடத்துகிறார்கள். நிஜமாகத்தான் சொல்லுகிறேன்!

கட்டடத்துக்கு செயிண்ட் ஜார்ஜ் ஹால் என்று பெயர். லைம் தெரு ரயில் நிலையத்துக்கு எதிரே, கிரேக்கக் கோயில் மாதிரி தூண் தூணாக நிற்கிறது. ஊருக்கு ஒரு சங்கீத மண்டபம், ஒரு கோர்ட்டு என்று இரண்டுக்கும் தனித் தனியாகப் போட்டி வைத்தார்கள். இரண்டிலும் ஜெயித்தவர் ஹார்வி எல்ம்ஸ் என்ற ஒரே வாலிபர். அப்புறம் எதற்கு இரண்டு கட்டடம்? நடுவில் கச்சேரி மண்டபம், ஒரு கோடியில் கிரிமினல் கோர்ட்டு, மறு கோடியில் சிவில் கோர்ட்டு என்று ஒன்றாகவே கட்டிவிட்டார்கள். பாவம், அதைப் பார்க்க எல்ம்ஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1847-ல், 33-வது வயதில், க்ஷயரோகத்தில் போய்விட்டார். கட்டடம் திறந்தது 1854-ல்.

1984-ல் கோர்ட்டுகள் புதுக் கட்டடத்துக்குக் குடி போயின. ஆள் இல்லாத பெரிய வீடு என்ன கதி அடையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சுமார் 2 கோடியே 30 லட்சம் பவுன் செலவழித்துச் செப்பனிட்டு, 2007-ல் மறுபடி திறந்தார்கள். இப்போது பெரிய மண்டபத்தில் மேஜை போட்டு விருந்து, நடனம், எல்லாம் உண்டு. அதன் தரையில் 30,000-க்கு மேற்பட்ட மின்டன் ஓடுகள் சித்திரம் சித்திரமாகப் பதித்திருக்கிறது. ஆனால் விருந்தாளிகள் கண்ணில் அது படாது. தேய்ந்துவிடும் என்று பலகை போட்டு மூடி, எப்போதாவதுதான் சில நாள் திறந்து காட்டுகிறார்கள். புது சோபாவுக்கு உறை போட்டு, உறை மேலேயே ஆயுள் பூராவும் உட்காருகிறோமே, அந்த ஜாதிதான்!

சிரித்தாகிவிட்டது. இனி சிரிக்க முடியாத கதை ஒன்று கேளுங்கள்.

1889-ம் வருஷம் இந்தக் கட்டடத்துக் கிரிமினல் கோர்ட்டில் ஃப்ளாரன்ஸ் மேப்ரிக் என்ற பெண்ணை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் பிறந்தவள். புருஷன் பஞ்சு வியாபாரி. அவளைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவன். அவனுக்குப் பாஷாணம் கொடுத்துக் கொன்றாள் என்று வழக்கு. ஈ பிடிக்கும் காகிதங்களை அவள் தண்ணீரில் ஊறப் போட்டது நிஜம். முகப் பூச்சுக்காகப் பாஷாணம் எடுத்தேன் என்றாள். அந்த மனுஷனுக்கோ, மருந்து என்று தானே பாஷாணம் சாப்பிடும் வழக்கம் இருந்தது! ஆனால் பிற புருஷனோடு அவளுக்கு இருந்த உறவைத்தான் ஜட்ஜு வெகுவாக விஸ்தரித்தார். ஜூரிகள் 12 பேரும் ஆண்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். தூக்குத் தண்டனை. குற்றம் சாட்டப்பட்டவர் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல அங்கே பொதுவாகச் சட்டம் இடம் கொடுத்தது 1898-ல். கிரிமினல் அப்பீல் கோர்ட்டு வந்தது 1907-ல். இரண்டும் அவளுக்கு உதவவில்லை. தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்கள், 1904-ல் விடுதலை. ஒரு பிள்ளை, ஒரு பெண். இரண்டு குழந்தைகளையும் அவள் மறுபடி பார்க்கவே இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் போய் விருந்து சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். சாப்பிடலாம் என்பதே என் கட்சி. விளக்கு எரிந்தால்தான் கட்டடம் நிற்கும்; விளக்கு எரிய வாடகை வேண்டும். இன்று நகரத்தின் பிறப்பு, கல்யாணப் பதிவு ஆபீஸ்கூட அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: பழைய கோர்ட்டு அறைகளில் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று, பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் வேடிக்கை.

லிவர்பூலில் உங்கள் பிள்ளையோ பெண்ணோ இருந்து, அங்கே ஒரு விருந்துக்கு உங்களை அழைத்துப் போனால், பகலிலேயே ஒரு நடை போய் அந்தக் கோர்ட்டு அறையைப் பாருங்கள். கூண்டிலிருந்து கீழே சிறை அறைகளுக்கு ஒரு படிக்கட்டு இறங்குகிறது. ஃப்ளாரன்ஸ் அதில் கடைசியாக இறங்கியபோது அவளுக்கு வயது 26.