அம்பு வேண்டாத இடம்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் ஜாவாஸ்கிரிப்டைத் திறந்தால் 'ஃபங்ஷன்' என்ற சொல்லே கண்ணில் படுவதில்லை. எல்லாமே ஏரோ ஃபங்ஷன், அதாவது அம்பு. ஏனென்று கேட்டால், "சின்னதா இருக்கு சார்" என்கிறார்கள்.

சின்னதுதான், மறுக்கவில்லை. விலைப்பட்டியலை இரட்டிப்பாக்க 'மேப்'புக்குள் மூன்று வரி எழுதிய இடத்தில் இப்போது ஒரே வரி. ஆனால் 2015 ஜூனில் ஜாவாஸ்கிரிப்டின் இஎஸ்6 பதிப்பில் அம்பு நுழைந்ததற்கு நீளம் மட்டும் காரணமல்ல. 'திஸ்' என்றொரு தலைவலி இருந்தது.

1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் வடிவமைத்த மொழி இது. சாதாரண ஃபங்ஷனுக்குள் 'திஸ்' யார் என்பது அதை எங்கே எழுதினோம் என்பதில் இல்லை, எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. கடிகாரம் என்று ஓர் ஆப்ஜெக்ட் செய்து, அதன் மெத்தடில் 'செட்இன்டர்வல்' வைத்து, நொடிக்கொரு தரம் திஸ்.நொடியைக் கூட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் 'திஸ்' கடிகாரத்தைக் கைவிட்டு பிரவுசரின் விண்டோவைப் பிடித்துக்கொள்ளும். எண்ணுக்குப் பதில் 'நேன்' வந்து நிற்கும். இதற்காகவே 'வார் செல்ஃப் = திஸ்' என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவைப்போம். பழைய நிரல்களில் இன்றும் அது கிடக்கிறது. 2009-இல் 'திஸ்' யார் என்று கட்டிவைக்கும் 'பைண்ட்' வந்தது. அதையும் மறக்காமல் வாலில் கட்டிவிட வேண்டும். அம்புக்கோ சொந்தமாக 'திஸ்' கிடையாது. சுற்றியிருக்கும் ஃபங்ஷனுடையதையே எடுத்துக்கொள்ளும். கடிகாரம் ஓடிவிடும்.

அந்த மெத்தடையே அம்பாக எழுதினால்? மறுபடியும் கடிகாரம் நின்றுவிடும். பொத்தானின் கிளிக்குக்கு அம்பு வைத்தால் அங்கே 'திஸ்' பொத்தான் ஆகாது. 'நியூ' போட்டுக் கூப்பிட்டால் டைப் எரர்.

இவற்றைவிட எரிச்சலூட்டுவது நெளிவு அடைப்புக்குறி. 'மேப்'புக்குள் அம்பை ஒட்டி அதைத் திறந்து, ஒரே ஒரு புலமுள்ள ஆப்ஜெக்டைத் திருப்பியனுப்பப் பாருங்கள். மொழி அதை ஃபங்ஷனின் உடலாகவும், புலத்தின் பெயரை ஒரு லேபிளாகவும் படித்துவிடும். பிழைச்செய்தியே வராது; பட்டியல் முழுக்க 'அண்டிஃபைன்ட்'. இரண்டு புலம் இருந்தாலாவது சின்டாக்ஸ் எரர் என்று கத்தித் தொலைக்கும். வெளியே ஒரு வளைவு அடைப்புக்குறி போதும், சரியாகிவிடும்.

'மேப்', 'ஃபில்டர்', டைமர், பிராமிஸ் இவற்றுக்குள் நானும் அம்புதான் போடுகிறேன். கோப்பின் மேல்மட்டத்தில் பெயர் வைத்து எழுதும் ஃபங்ஷனுக்கு மட்டும் பழைய சொல்லை விடவில்லை. அதைக் கோப்பின் அடியில் எழுதிவிட்டு மேலிருந்தே கூப்பிடலாம். 'கான்ஸ்ட்'டில் வைத்த அம்பை அந்த வரி ஓடும் முன் தொட்டால் ரெஃபரன்ஸ் எரர்.