மாத்திரையோடு ஒரு வார்த்தையும் கொடுங்கள்

"அந்த ஆஸ்பத்திரி எப்படி?" என்று யாராவது கேட்டால், எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டடத்தையோ மெஷினையோ சொல்வதில்லை. "அங்கே நல்லா பேசுவாங்க", "ஐயோ, எரிஞ்சு விழுவாங்க" என்றுதான் சொல்வோம். படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் நோயாளியின் திருப்தி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பதை என் மாமியார் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அத்தைக்கு பிரஷர். மாதாமாதம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவார். மாத்திரை இலவசம், டாக்டரும் கெட்டிக்காரர். ஒரு தடவை, தலைசுற்றல்தான் நின்றுவிட்டதே என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த முறை போனபோது, "மாத்திரை போடாம இங்க எதுக்கு வர்றே? எங்க உயிரை வாங்கவா?" என்று பத்துப் பேர் முன்னால் கத்தியிருக்கிறார்கள். அத்தை வீட்டில் மூச்சு விடவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கமே போகவும் இல்லை. பழைய மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, "போயிட்டு வந்துட்டேன்" என்பாராம். நாலே மாதம். ஒரு நாள் விடியற்காலை வலது கையும் காலும் விழுந்துவிட்டது. இன்று அவருக்குச் சோறு ஊட்டுவது நான்தான்.

பிரஷர் வலிக்காது, உடம்பு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. இந்த ஒரு விஷயத்தை அவருக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை.

வயசானவங்களுக்குச் சொன்னா புரியுமா என்பார்கள். ஏன் புரியாது? இதே அத்தைக்கு அதற்கு முந்தைய வருடம் தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் நடந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, நோயாளிக்கு விளக்கிச் சொல்வதற்கென்றே அங்கே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, கண்ணைக் கசக்கக்கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது" என்று சொன்னதை, அத்தை வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுத்தார். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். நர்சுகளும் நம்மைப் போல வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடி வருகிறவர்கள்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்துவதற்கு ஆகும் நேரம்தானே சொல்வதற்கும் ஆகும்?

2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் 17 உரிமைகள் இருக்கின்றன. முதல் உரிமையே, தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான். மரியாதையாக நடத்தப்படுவதும் அதில் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எத்தனைப் பெண்களுக்கு இது தெரியும்? ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் இதைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்கலாம். மாத்திரை கொடுக்கும் ஜன்னல் அருகே, விளக்கிச் சொல்ல உள்ளூர்ப் பெண் ஒருவரை உட்கார வைக்கலாம். வேலையில்லாமல் இருக்கும் படித்த பெண்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்களே!

நம் மேலும் தப்பு உண்டு. டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்ன சொன்னாரு?" என்று அடுத்தவரைக் கேட்கிறோம். உள்ளேயே கேட்டால் என்ன? நானும் மாதத்தில் ஒரு நாள் அத்தையோடு போயிருக்கலாம். தனியாகத்தானே அனுப்பினேன்!

மாத்திரையை அரசாங்கம் கொடுத்துவிடுகிறது. அதை விழுங்க வைப்பது அன்பான ஒரு வார்த்தைதான். அதற்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

– ஒரு குடும்பத்தலைவி, பாகூர்.