வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பாதீங்க மக்களே!

வியாழக்கிழமை ஆனா போதும், நமக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "மச்சி, எந்த ரைடிங் ஜாக்கெட் வாங்கலாம்?", "சைடு பேக் எது நல்லாருக்கும்?", "செயினுக்கு எப்பப்போ லூப் அடிக்கணும்?" ஆறேழு வருஷமா வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்துறதால நம்மளையும் ஒரு ஆளா மதிச்சு கேக்குறாங்க. நானும் தெரிஞ்சதைச் சொல்லுவேன். (லூப் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. மழையில ஓட்டினா அன்னிக்கே.) ஆனா இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. "கிளம்புறதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் தூங்கணும்?"

நானும் யாரையும் கேட்டதில்லை. அதுக்கு வாங்கின பாடம்தான் இந்தப் பதிவு.

2022-ல ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸ் முடிஞ்சு, வீட்டுக்கு வந்து, நாலு இட்லியை உள்ள தள்ளிட்டு ராத்திரி பத்து மணிக்கு சென்னையிலேருந்து கொல்லிமலைக்கு கிளம்பினோம். பின்னாடி என் தம்பி. திண்டிவனத்துல ஒரு டீ, உளுந்தூர்பேட்டையில ஒரு டீ. ரோடு காலி, காத்து ஜில்லுன்னு, மனசுக்குள்ள பெரிய ஹீரோ நினைப்பு. கள்ளக்குறிச்சி தாண்டி மூணரை மணி இருக்கும். திடீர்னு டயருக்கு அடியில கரகரன்னு சத்தம். கண்ணைத் திறந்து பாக்குறேன்...

ஆமாங்க, கண்ணைத் *திறந்து*. அப்பதான் மூடியிருந்ததே தெரிஞ்சுது.

வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்து ஜல்லியில ஓடிக்கிட்டிருந்தது. பத்தடி முன்னாடி ஒரு சின்னப் பாலத்தோட கைப்பிடிச் சுவர். எப்படித் திருப்பினேன், எப்படி நிறுத்தினேன்னு இன்னிக்கும் சரியா ஞாபகம் இல்லை. கையெல்லாம் நடுங்குது. தம்பி ஹெல்மெட்டை என் முதுகுல சாய்ச்சு நிம்மதியா தூங்கிட்டிருந்தான். "டீ குடிக்கவாண்ணா நிறுத்தின?"ன்னு கேட்டான். "ஆமாடா"ன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவன்கிட்ட உண்மையைச் சொன்னதில்லை. அம்மாகிட்ட சொல்றதைப் பத்திப் பேச்சே இல்லை.

சரி, மேட்டருக்கு வர்றேன். அன்னிக்கு நான் காலையில ஏழு மணிக்கு எந்திரிச்சவன். ராத்திரி பன்னெண்டு மணிக்கே 17 மணி நேரம் ஆயிடுச்சு. 1997-ல ஆஸ்திரேலியாவுல டாசன், ரீட்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிறவரோட கை, கண், மூளை ஒத்துழைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவரோட அளவுக்குக் குறைஞ்சு போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. 24 மணி நேரம்னா 0.10 சதவீதத்துக்குச் சமம். நம்ம ஊர் சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே கேஸ். தண்ணி அடிச்சுட்டு ஓட்டுறவனை வாய் வலிக்கத் திட்டுறோம். தூக்கத்துல ஓட்டுறவனுக்கு "செம ரைடு மச்சி"ன்னு லைக் போடுறோம்.

"லாரிக்காரங்க, பஸ்காரங்க எல்லாம் ராத்திரிதானே ஓட்டுறாங்க?"ன்னு கேப்பீங்க. ராத்திரி ஓட்டணும்னா பகல்ல தூங்கியிருக்கணும். அப்படித் தூங்காம ஓட்டுறப்ப அவங்களுக்கும் விபத்து நடக்கத்தான் செய்யுது. நாம பகல் முழுக்க மீட்டிங்ல உக்காந்துட்டு, அதே கண்ணோட ஹேண்டில்பாரைப் பிடிக்கிறோம். அதுவும் விடியக்காலை ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் உடம்பு தன்னால தூக்கத்துக்கு இழுக்கிற நேரம். பாட்டு, சூயிங்கம், மூஞ்சியில தண்ணி அடிக்கிறது எதுவும் ரொம்ப நேரம் தாங்காது. காபி வேலை செய்ய ஆரம்பிக்கவே இருபது, முப்பது நிமிஷம் ஆகும்.

இதுல பெரிய காமெடி என்னன்னா, அந்த ரிஸ்க்கால ஒரு லாபமும் இல்லை. கணக்கு போட்டுப் பாருங்க. வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு கிளம்பினா காலையில ஏழு மணிக்கு மேல மலைக்கு மேல இருப்போம். ரூமைப் போட்டு விழுந்தா மதியம் ஒரு மணிக்குத்தான் எந்திரிப்போம். நல்லா தூங்கி எந்திரிச்சு சனிக்கிழமை காலை நாலரைக்கு கிளம்பினாலும் அதே ஒரு மணி வாக்குல போய்ச் சேர்ந்துடலாம். வித்தியாசம்: அந்த 70 கொண்டை ஊசி வளைவையும் முழிச்ச கண்ணோட, பகல் வெளிச்சத்துல பாத்துக்கிட்டே ஏறலாம். அதுக்குத்தானேய்யா போறோம்!

இப்ப நான் வெச்சிருக்கிற சட்டதிட்டம் இதுதான்:

1. முந்தின ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கலைன்னா வண்டி வெளிய வராது.

2. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கணும். பசி, தாகம் இல்லாட்டியும்.

3. கடைசி ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இல்லையா, கொட்டாவி அடுத்தடுத்து வருதா, உடனே ஓரம் கட்டு. ஒரு காபியைக் குடிச்சுட்டு இருபது நிமிஷம் படு. எந்திரிக்கிறப்ப காபியும் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். அதுக்கப்புறமும் கண்ணு சொருகினா, கிடைக்கிற லாட்ஜ்ல ரூம் போடு. ஒரு ராத்திரி வாடகைக்குப் பயந்து யாரும் சாக வேண்டாம்.

4. ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்கு ரிட்டர்ன். பொழுது சாயறதுக்குள்ள வீடு.

5. ரெண்டு நாள் பத்தலையா? ஒரு நாள் லீவ் போடு. லீவ் கிடைக்கலையா? பக்கத்துல போ. செஞ்சிக் கோட்டை 150 கிலோமீட்டர்தான். 14 வளைவோட ஏலகிரி இருக்கு. பழவேற்காடு ஒரு அரை நாள்.

6. குரூப்பா போறப்ப ஒருத்தன் "தூக்கம் வருது"ன்னா எல்லாரும் நிக்கணும். அவனைக் கலாய்ச்சா அடுத்த தடவை சொல்ல மாட்டான்.

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ப்ரொடக்ஷன்ல கோடு ஏத்தச் சொன்னா எவ்வளவு பயப்படுறோம்? ஏதாவது உடைஞ்சா பழைய வெர்ஷனுக்குத் திருப்பிடலாம், இருந்தும் பயப்படுறோம். கள்ளக்குறிச்சி ரோட்டுல அந்த வசதி இல்லீங்க.

இந்த வாரமும் யாராவது ராத்திரி கிளம்பப் பிளான் போட்டிருந்தா, அலாரத்தை நாலு மணிக்கு வெச்சுட்டுப் போய்ப் படுங்க. மலை எங்கேயும் போயிடாது.

பி.கு: என் தம்பி இதைப் படிச்சா... சாரிடா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத :-)